பாசிக்குடாவில் நாங்கள் விட்ட பிழைகள்

மாத்தளையில் மட்டக்களப்பு பஸ்ஸில் ஏறும்போது காலை ஏழு மணி. ஆகஸ்ட் மாதம், பாடசாலை விடுமுறை. போர் நிறுத்தம் வந்து ஒரு வருடம் கடந்திருந்தது. கிழக்குக் கடற்கரைக்குப் போய்வரலாமாம் என்று எங்கள் ஊரில் எல்லோரும் பேசத் தொடங்கியிருந்தார்கள். எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. கொழும்புக் காலிமுகத்திடலில் நின்று தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி, கடலில் கால் நனைத்ததில்லை.

என் கணவர் செல்வத்துக்குக் கடல் புதிதல்ல. கலியாணத்துக்கு முன் மூன்று வருடம் கரீபியன் தீவுகளைச் சுற்றும் உல்லாசக் கப்பலொன்றில் சாப்பாட்டு மேசைகளைக் கவனிக்கும் வேலை பார்த்தவர். பார்படோஸ், அன்டிகுவா என்று அவர் பேர்களை அடுக்கும்போது நான் வாய் பார்த்துக்கொண்டிருப்பேன். அன்றும் தம்புள்ளை தாண்டும்வரை அந்தக் கதைதான். முதல் தடவை தீவுக்கு வருகிறவர்கள் என்னென்ன பிழை விடுவார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தார். முதல் நாளே உச்சி வெயிலில் கிடந்து நண்டு மாதிரிச் சிவந்துபோவார்களாம். மழைக்குத் தெரியாத மரத்தின் கீழ் ஒதுங்கி, அதன் பால் பட்டு உடம்பெல்லாம் கொப்புளம் போட்டுக்கொள்வார்களாம்.

"இன்னொண்ணு இருக்கு கலா," என்றார். "அந்த ஊர்ல யாரப் பார்த்தாலும் முதல்ல குட் மோர்னிங் சொல்லணும். சொல்லாம விலை கேட்டா, வழி கேட்டா, மூஞ்சியத் திருப்பிக்குவாங்க. பெரிய பெரிய படிப்புப் படிச்சவங்களுக்கும் அது கடைசி வரைக்கும் புரியாது."

"நமக்குப் புரியும்ல?"

"நாம வேற," என்றார்.

பொலன்னறுவை தாண்டி மன்னம்பிட்டிப் பாலத்தில் பஸ் நின்றது. மகாவலிக்கு மேலே ஒரே இரும்புப் பாலம். ரயிலுக்கும் அதுதான், பஸ்ஸுக்கும் அதுதான். ரயில் போய் முடியும்வரை காத்திருந்து, தண்டவாளத்தின் மீதே சக்கரம் தடதடக்கக் கடந்தோம். வெலிக்கந்தைக்குப் பிறகு சோதனைச் சாவடிகள். ஒவ்வொன்றிலும் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, நடந்து மறுபக்கம் போய்த் திரும்பவும் ஏற வேண்டும். காடு அடர்ந்து, பிறகு வெளுத்து, மண் மெல்ல மெல்ல மணலாக மாறியது. ஓட்டமாவடிப் பாலமும் அதே மாதிரி ரயிலோடு பங்கு போட்ட பாலம்தான். ஆனால் அதற்குக் கீழே ஆறு ஓடவில்லை. வாவி கிடந்தது. அகலமாக, அசையாமல், வானத்தின் நிறத்தை அப்படியே வாங்கிக்கொண்டு. எங்கள் பக்கத்து ஆறுகள் எல்லாம் கல்லில் மோதிச் சத்தம் போட்டு ஓடுபவை. இவ்வளவு தண்ணீர் இவ்வளவு பேசாமல் இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

பஸ் இன்னும் சிறிது தூரம் போனபின், முன் ஆசனத்தில் இருந்த பெரியவரிடம் செல்வம் கேட்டார். "பாசிக்குடா எந்தப் பக்கம் வருமுங்க?"

அவர் திரும்பிப் பார்த்தார். "பாசிக்குடாவா? அது பின்னுக்குப் போயிற்றே தம்பி. வாழைச்சேனையில இறங்கியிருக்கோணும்."

நாங்கள் எடுத்திருந்தது மட்டக்களப்பு டிக்கெட். பாசிக்குடா மட்டக்களப்பில் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, நகரத்துக்குப் போய் அங்கிருந்து நடந்து போகும் தூரம் என்று நினைத்திருந்தோம். இடையில் முப்பது கிலோமீற்றருக்கு மேல். முதலாவது பிழை.

பிழைக்கும் ஒரு பலன் இருந்தது. அன்று மாலை மட்டக்களப்பு நகரத்தில் தங்கினோம். வாவியோரத்தில் ஒரு லொட்ஜ், அறைக்கு அறுநூறு ரூபாய். வெயில் தணிந்ததும் கல்லடிப் பாலம் வரை நடந்தோம். தோணிகள் போய்க்கொண்டிருந்தன. இறால் பிடிக்கிறவர்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை வீசினார்கள். வீசிய வலை வட்டமாக விரிந்து விழும் அந்த நொடியில் பார்த்துக்கொண்டிருந்த நானும் மூச்சைப் பிடித்தேன். செல்வம் கமராவை எடுத்தார். பாலத்துக் காவலில் நின்ற சிப்பாய் ஓடி வந்தான். இருபது வயது இருக்கும். பாலத்தைப் படம் எடுக்கக் கூடாது என்று சிங்களத்தில் சொன்னான். மாத்தளைக்காரர்களுக்குச் சிங்களம் பழக்கம் என்பதால் நாங்களும் சிங்களத்திலேயே மன்னிப்புக் கேட்டோம். எந்த ஊர் என்று விசாரித்தவன், தன் ஊர் கலேவெல என்றான். எங்களுக்குப் பக்கத்து ஊர்தான். விடுமுறை எப்போது கிடைக்குமோ என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போனான். கமரா அதன்பின் பையைவிட்டு வெளியே வரவில்லை.

மறுநாள் காலை வாழைச்சேனைக்கு பஸ்ஸில் போய், அங்கிருந்து ஓட்டோ பிடித்தோம். ஐந்தாறு கிலோமீற்றருக்கு இருநூறு ரூபாய் கேட்டார் சாரதி. பேரம் பேசவில்லை. வழியெல்லாம் தலையில்லாத பனைமரங்கள். கூரையில்லாத வீடுகள். "திரும்பி எப்ப வாறதாக இருக்கிறீங்க?" என்று சாரதி கேட்டார். பின்னேரம் என்றோம். "அஞ்சு மணிக்கு வாறன். இருட்ட முந்தி வெளிக்கிட்டிரோணும்," என்றார். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை.

பாசிக்குடாவில் இறங்கியபோது ரோட்டோரத்தில் ஓர் அம்மா கறுப்புக் குடை பிடித்துக்கொண்டு தனியே நின்றிருந்தார். ஐம்பது வயது மதிக்கலாம். வெள்ளையில் சின்னப் பூப்போட்ட சேலை, கையில் ஒரு துணிப்பை. அவரைத் தாண்டித்தான் கரைக்குப் போக வேண்டும். தாண்டிப் போனோம். ஒரு வணக்கம்கூடச் சொல்லவில்லை. அவர் எங்களைப் பார்த்ததாகவே தெரியவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு பழைய சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு நான் கண்டதை எப்படி எழுதுவது என்று இன்றுவரை தெரியவில்லை. மணல்மேட்டில் ஏறினோம். எதிரே கடல் பிறைபோல் வளைந்து கிடந்தது. அலை என்று சொல்ல ஒன்றும் இல்லை. கரையில் தண்ணீர் கண்ணாடி. அதற்கப்பால் இளம்பச்சை. இன்னும் அப்பால் மயில்கழுத்து நீலம். தூரத்தில் முருகைக்கல் என்கிற பவளப்பாறை மேடு இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளைக் கோடு. கப்பலில் போன மனிதர் பையைத் தோளிலிருந்து இறக்கி மணலில் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, "இதப் பார்க்கத்தான் அங்க ஆயிரக்கணக்கா டொலர் கட்டி வருவாங்க," என்றார், மெதுவாக.

செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கினோம். நடந்தோம். நடந்துகொண்டே இருந்தோம். கரையிலிருந்த ஆட்கள் விரலளவு ஆகும் தூரம் போயும் தண்ணீர் என் இடுப்பைத் தாண்டவில்லை. காலடியில் மணல் வரிவரியாக இருந்தது. சிறு மீன்கள் கணுக்காலை உரசிப் போயின. கடல் என்றால் ஆளை இழுத்துக்கொண்டு போவது என்று பயந்து வளர்ந்தவள் நான். இந்தக் கடல் என்னை உள்ளே வா என்று விட்டது.

ஆனால் நேரம் நடுப்பகல். கரையில் ஒதுங்க ஒரு நிழல் இல்லை. முன்பு பெரிய ஹோட்டல்கள் இருந்த இடத்தில் தூண்கள் மட்டும் நின்றன. சோடாவும் பிஸ்கட்டும் விற்கும் ஒரு தென்னோலைக் கிடுகுக் கொட்டில்தான் கடை. சோறு கிடைக்கும் என்று நம்பி வந்திருந்தோம். தண்ணீர்ப் போத்தல் எப்போதோ காலி. செல்வத்தின் முதுகு அவர் சொன்ன அந்த நண்டின் நிறத்துக்கு வந்திருந்தது. எனக்கு வேறொரு அவசரம். மலசலகூடம் என்று ஒன்று அந்தக் கரையில் கிடையாது. கடைக்காரரிடம் கேட்க வெட்கம். ரோட்டுக்கு மறுபக்கம் அந்தப் பழைய சுவரும் அதன் பின்னே பற்றையும் கண்ணில் பட்டன. செல்வத்தைக் கரையில் நிற்கச் சொல்லிவிட்டு நான் மட்டும் போனேன். குடை பிடித்திருந்த அம்மாவை அப்போது ரோட்டில் காணவில்லை.

சுவர் இடிந்த இடத்தால் உள்ளே நுழைந்தேன். அது ஒரு வீட்டு வளவு. காய்ந்த சருகும் மணலும் கால் வைக்க மெத்தென்று இருந்தன. இன்னும் மறைவான இடம் தேடி உள்ளே உள்ளே போனேன். நடுவில் வீடு. கூரை இல்லை. நிலையில் நீலப் பெயின்ட் கொஞ்சம் ஒட்டியிருந்தது. கிணறு ஒன்று. அதன் பக்கத்தில் ஒரு முருங்கை, காய்த்துத் தொங்கியது.

"புள்ள, நில்லுங்க. அசையாதங்க."

அதட்டல் அல்ல அது. தெளிவான குரல். திரும்பிப் பார்த்தேன். குடை பிடித்திருந்த அந்த அம்மா சுவரின் உடைப்பில் நின்றார். குடையைக் கீழே போட்டிருந்தார்.

"உள்ளுக்கு மிதிவெடி கிடக்கு. முந்தி ஆமி கேம்ப் இருந்த இடம். நீங்க நிக்கிற இடத்திலயே நில்லுங்க."

அவருக்குப் பின்னால் செல்வம் ஓடி வருவது தெரிந்தது. என் பெயரைச் சொல்லிக்கொண்டே உள்ளே பாய்ந்தவரை அந்த அம்மா இரண்டு கையாலும் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார்.

"தம்பி, நீங்களும் போனா ரெண்டு உசிரு. நில்லுங்க. நான் கூட்டி வாறன்."

பிறகு என்னிடம் பேசினார். "போன தடம் மணலில தெரியுதா?"

"தெரியுது அக்கா."

"மெல்லத் திரும்புங்க. காலைத் தூக்கித் தூக்கி அந்தத் தடத்திலயே வெச்சு வாங்க. அவசரமில்ல. என்னையப் பார்க்காதங்க. கீழ பாருங்க."

வந்தேன். என் காலடிகளையே நான் அவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை. பெருவிரல் புதைந்த இடம்கூடத் தெரிந்தது. பாதி வழியில் சருகு வந்தது. அதற்குமேல் தடம் இல்லை. நின்றுவிட்டேன்.

"அக்கா, தடத்தக் காணல்ல."

அவர் கண்ணை மூடித் திறந்தார். "வீட்டு வாசலுக்கு நேரா நிக்கிறீங்க. அதில சீமெந்துக் கல் பதிச்சிரிக்கு, வாசலில இருந்து ரோட்டுப் படலை வரைக்கும். இந்த உடைஞ்ச இடம்தான் படலை. கல்லுக்குக் கீழ ஒண்டும் வைக்க ஏலாது. முன்னுக்குப் பாருங்க, கல்லின்ட மூலை ஏதும் தெரியுதா?"

சருகின் இடையில் ஒரு சாம்பல் மூலை தெரிந்தது. வலது காலை அதில் வைத்தேன். கல் கெட்டியாக இருந்தது. எட்டிய தூரத்தில் அடுத்தது. அதற்கடுத்தது. கடைசிக் கல்லில் வந்தபோது செல்வம் எட்டி என் கையைப் பிடித்து ரோட்டுக்கு இழுத்தார். மூன்று பேரும் தார் ரோட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டோம். செல்வம் அழுதார். நான் அழவில்லை. வந்த அவசரம் போன இடம் தெரியவில்லை.

அந்த அம்மா துணிப்பையிலிருந்து தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். பெயர் கிரேஸ். மெதடிஸ்த சபைக்காரர். இப்போது மட்டக்களப்பில் இருக்கிறார். "போர்டு ஒண்டு வெச்சிருந்தவங்க. காத்துக்கு விழுந்திற்று," என்றார். "கடைக்காரன்ட வீடு அங்கால கிட்டத்தான். கேட்டிருந்தா உங்களக் கூட்டிப் போயிருப்பனே புள்ள."

நான்தான் கேட்கவில்லை.

"அந்தக் கல்லு இருக்கிறது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று செல்வம் கேட்டார்.

"எங்கட வீடுதானே தம்பி."

தொண்ணூறாம் ஆண்டு உடுத்த உடையோடு ஓடியவர்கள். பதின்மூன்று வருடம். போர் நிறுத்தம் வந்தபின் மாதம் ஒரு முறை வந்து ரோட்டில் நின்று பார்த்துவிட்டுப் போவாராம். வெடி அகற்றும் ஆட்கள் இன்னும் இந்தப் பக்கம் வரவில்லை. ரோட்டிலிருந்து பார்த்தால் சுவர் மட்டும்தான் தெரியும்.

பிறகு அவர் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். முன்பு இருந்த தெளிவு இப்போது குரலில் இல்லை.

"உள்ளுக்கு என்னத்தக் கண்டீங்க புள்ள?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பதின்மூன்று வருடத்தில் அந்த வளவுக்குள் போய் உயிரோடு வந்து அவரிடம் சொல்லக்கூடிய ஆள் நான் ஒருத்திதான். கண்ட எல்லாவற்றையும் சொன்னேன். நீலப் பெயின்ட். கிணறு.

"கிணத்துக்கட்டு உடைஞ்சிரிக்கா?"

"ஒரு பக்கம் மட்டும். முருங்க மரம் ஒண்ணு இருக்கு. நல்லாக் காய்ச்சிருக்கு."

"முருங்கையா? நான் நடல்லயே." யோசித்தார். "தானா முளைச்சிரிக்கும். மறுகா?"

கூரை இல்லை என்று சொல்லத் தயங்கினேன். அவரே கேட்டார். இல்லை என்றேன். "முன் வாசலுக்கு இடது பக்கத்து அறையில ஒரு வேப்பங்கன்று நிக்குது. அறைக்குள்ள நல்லா வெயில் விழுது."

"அந்த அறையில பகலிலயும் விளக்குக் கொளுத்தித்தான் வேலை செய்யிற நாங்க," என்றார் கிரேஸ் அக்கா. "வெளிச்சம் வராத அறை அது." மெல்லச் சிரித்தார். சிரித்தபடியே முந்தானையால் முகத்தைத் துடைத்தார். பிறகு முதலிலிருந்து இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

கடைக்காரர் வீட்டில் சோறும் மீன் குழம்பும் அவர்தான் ஏற்பாடு செய்து தந்தார். வெயில் சாய்ந்ததும் மூன்று பேரும் கடலுக்குப் போனோம். எந்த இடத்தில் முருகைக்கல் காலைக் கிழிக்கும், எந்த இடத்தில் நீரோட்டம் இழுக்கும் என்று கை நீட்டிக் காட்டினார். சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தார். கடலின் பச்சை மெல்ல அடர்ந்துகொண்டிருந்தது. கரையைத் திரும்பிப் பார்த்தேன். காலையில் வெறும் அழகாகத் தெரிந்த அதே வளைவுக்குப் பின்னால் இப்போது ஒரு சுவரும், அதற்குள் ஒரு முருங்கையும், வெயில் விழும் அறையும் இருந்தன. அவ்வளவு பெரிய அழகையும் அவ்வளவு பெரிய இழப்பையும் ஒரே இடத்தில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஐந்து மணிக்கு ஓட்டோ வந்தது. கிரேஸ் அக்காவையும் ஏற்றிக்கொண்டோம். வாழைச்சேனையிலிருந்து ஒரே பஸ்ஸில் மட்டக்களப்புக்கு வந்து பிரியும்போது என் கையைப் பிடித்து, "போயிற்று வாங்க," என்றார்.

அடுத்த நாள் இரவாகும் முன் மாத்தளை வந்து சேர்ந்தோம். செல்வம் பைகளை உள்ளே கொண்டுபோனார். நான் உள்ளே போகவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, முற்றத்திலிருந்து பின்கட்டுக்கு, அங்கிருந்து குழாயடிக்கு, வாழைக்குள் நுழைந்து, கீழே பார்க்காமல், வீட்டை ஒரு சுற்று நடந்து வந்தேன்.