எழுபத்திரண்டுக்கு வந்த கடிதம்

போன வாரம் என் மகள் சேலத்திலிருந்து ஜவ்வரிசி வரவழைத்தாள். இங்கே டெல்லியில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கிடைக்காத ஜவ்வரிசியா என்று கேட்டேன். "அது வேறப்பா, இது வேற" என்றாள். என்ன வேறு என்று எனக்குப் புரியவில்லை, மகள் சொன்னால் சரி. இரண்டு நாள் கழித்து மத்தியானம் செல்போனை என் முகத்துக்கு முன்னால் நீட்டினாள். ஒரு வரைபடம், அதில் ஒரு குட்டி லாரி. "அப்பா, தேகோ, நாக்பூர் தாண்டியாச்சு. ரெண்டு நாள்ல ஜனக்புரி."

அச்சா என்று சொல்லிவிட்டு பால்கனிக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். டீ ஆறிப்போனது. அரைக்கிலோ ஜவ்வரிசி எந்த ஊரில் நிற்கிறது என்று இன்றைக்கு வீட்டிலிருந்தே பார்க்கலாம். நான் லாரி ஆபீஸில் இருந்த காலத்தில், கிளம்பிப் போன மனுஷன் எங்கே இருக்கிறான் என்று பெண்டாட்டிக்கே தெரியாது.

ஆமாம், லாரி ஆபீஸ்தான். ரோஷனாரா ரோட்டில் பதினோரு வருஷம் புக்கிங் கிளார்க்காக இருந்தேன். அப்பா லோதி ரோடு குவார்ட்டர்ஸில் குடியிருந்த மத்திய சர்க்கார் உத்தியோகஸ்தர். பரீட்சை மேல் பரீட்சை எழுதியும் சர்க்கார் என்னை ஏற்கவில்லை. பையன் என்ன செய்கிறான் என்று யாராவது கேட்டால் "டிரான்ஸ்போர்ட்ல இருக்கான்" என்பார். கேட்டவர்கள் ஏதோ அமைச்சகம் என்று நினைத்துக்கொள்வார்கள். அப்பா திருத்த மாட்டார்.

எழுபதுகளின் நடுவில் நான் சேர்ந்தபோது தெற்கேயிருந்து வாரத்துக்கு மூன்று நான்கு லாரிகள் வந்தால் அதிகம். வந்தால் நாங்கள் வெளியே வந்து வேடிக்கை பார்ப்போம். சில வருஷங்களில் தினமும் வர ஆரம்பித்தன. பிறகு ரோட்டில் நிறுத்த இடமில்லாமல் போலீஸ்காரர் விரட்டிக்கொண்டே இருந்தார். டெல்லிக்குக் கடல் இல்லை, துறைமுகம் இல்லை. ஆனாலும் ஈரோட்டு மஞ்சள், சேலத்து ஜவ்வரிசி, சிவகாசித் தீப்பெட்டி, திருப்பூர் பனியன் எல்லாம் எங்கள் வாசலில் இறங்கி, வேறு லாரி ஏறி லூதியானாவுக்கும் ஜம்முவுக்கும் போயின. அங்கிருந்து ஆப்பிளும் சைக்கிள் சாமானும் இதே வாசலில் லாரி மாறித் தெற்கே இறங்கின. இன்றைக்கும் வீட்டில் மஞ்சள் டப்பாவைத் திறந்தால் எனக்கு டீசலும் தார்ப்பாயும் சேர்ந்து மணக்கும். மனைவியிடம் சொன்னால் மூக்கு டாக்டரிடம் காட்டச் சொல்கிறாள்.

லாரிகள் பெருகப் பெருக யாருக்கும் பெயர் இல்லாமல் போயிற்று. வண்டி நம்பரின் கடைசி இரண்டு எண்தான் டிரைவரின் பெயர். "முப்பத்தெட்டு சாப்பிட்டாச்சா?" "அறுபத்தொண்ணு குளிக்கப் போயிருக்கான்." எங்கள் தலைமைக் கணக்கர் முன்ஷிஜி ஹிந்தியில் அப்படித்தான் கூப்பிடுவார், தமிழில் நானும் அப்படியே. இதில் ஒன்றும் தப்பு இருப்பதாக அப்போது தோன்றவில்லை.

டிரைவர்கள் ஊருக்குத் திரும்ப லோடு கிடைக்கும் வரை, வந்த வரிசைப்படி காத்துக் கிடப்பார்கள். நாலு நாளும் ஆகும், பத்து நாளும் ஆகும். அதனால் வீட்டுக் கடிதங்கள் எங்கள் ஆபீஸ் விலாசத்துக்கு வரும். எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டு வைத்திருந்தார்கள், அவரவர் தலையைவிட்டுத் தேட வேண்டும். நான்தான் மூளைக்காரன் ஆயிற்றே. ஆப்பிள் பெட்டிப் பலகையில் ஒரு தட்டு செய்து, அறை அறையாகத் தடுத்து, ஒவ்வொன்றின் மேலும் சுண்ணாம்புக்கட்டியால் வண்டி நம்பர் எழுதினேன். கடிதத்தின் மேலும் வண்டி நம்பரைப் பெரிதாக எழுதச் சொல்லி டிரைவர்கள் மூலம் வீடுகளுக்குச் சொல்லியனுப்பினேன். முன்ஷிஜி முதுகில் தட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

எழுபத்திரண்டு என்று ஒருவர். நாமக்கல் பக்கம் ஏதோ ஊர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வண்டி நிழலில் ஸ்டவ்வை வைத்துப் பருப்புக் குழம்பு வைப்பார். என் தயிர்சாதத்தை அவர் வாங்கிக்கொள்வார், அவர் குழம்பை நான் சாப்பிடுவேன். வீட்டில் சொன்னதில்லை.

ஒரு புரட்டாசியில் அவர் வேறு வண்டியில் வந்து இறங்கினார். நாக்பூரில் பதினஞ்சாம் நம்பர் வண்டியின் டிரைவருக்குக் காய்ச்சல். அவரை ரயிலில் ஊருக்கு அனுப்பிவிட்டு, தன் வண்டியை மாற்று டிரைவரிடம் கல்கத்தாவுக்குக் கொடுத்துவிட்டு, பதினஞ்சை இவர் டெல்லிக்குக் கொண்டுவந்தார். "இனிமே உங்க பேரு பதினஞ்சு" என்று நான் கிண்டல் செய்தேன். "கூப்புடுங்க சார், எதுன்னா என்னங்க" என்று சிரித்தார்.

தினமும் காலையில் பல்குச்சியோடு வந்து நிற்பார். "நமக்கு லெட்டர் ஏதாச்சும் வந்துதுங்களா சார்?" நான் பதினஞ்சாம் அறையைப் பார்ப்பேன், காலியாக இருக்கும். "ஒண்ணும் இல்லீங்க" என்பேன். இப்படி ஒன்பது நாள்.

மூன்றாம் நாளே அவருக்குச் சேலம் லோடு வந்தது. வேறொரு டிரைவருக்குத் தங்கை கல்யாணம் என்று தன் முறையை அவருக்கு விட்டுக்கொடுத்தார். "எனக்கு ஊட்டுல என்னங்க அவசரம்? அவன் போகட்டும்."

ஆயுத பூஜைக்கு முதல் நாள் தட்டைத் துடைக்க எடுத்தேன். எழுபத்திரண்டின் அறையில் ஓர் இன்லண்ட் லெட்டர் இருந்தது. ஒன்பது நாளுக்கு முன்னால், அது வந்த அன்று, அங்கே போட்டவன் நானேதான். அந்த வண்டி இன்னும் வரவில்லை, வந்ததும் கொடுக்கலாம் என்று தினமும் அதைப் பார்த்துக்கொண்டும் இருந்திருக்கிறேன். மேலே நம்பர் பெரிதாக இருந்தது. அதற்குக் கீழே சின்னதாக, பெரியண்ணன், டிரைவர்.

கடிதத்தோடு வாசலுக்கு ஓடி அவரைக் கூப்பிட்டேன்.

அவருக்குப் படிக்கத் தெரியாது. பதினஞ்சின் பம்பரைக் கழுவிக்கொண்டிருந்தவர் ஈரக் கையோடு வந்து நின்றார். நான் படித்தேன். மைத்துனர் எழுதியிருந்தார். அக்காளுக்கு வயிற்றில் கட்டி, சேலம் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், மாமாவைப் பார்த்த பிறகுதான் ஆபரேஷனுக்குக் கைநாட்டு வைப்பேன் என்கிறது, யார் சொன்னாலும் கேட்கவில்லை, உடனே புறப்பட்டு வரவும்.

"இது எப்ப வந்துதுங்க சார்?"

"இப்பத்தான். காலைத் தபால்ல."

யோசித்துச் சொன்ன பொய்யில்லை. வாயில் அதுதான் வந்தது. வந்ததும் அப்படியே நின்றுவிட்டது.

அன்று சாயங்காலமே மெட்ராஸ் ரயிலில் ஏற்றிவிட்டேன். கூட்டத்தில் ஜன்னல் வழியாகக் கையைப் பிடித்துக்கொண்டார். "அது பிடிவாதக்காரிங்க சார். நான் போனாத்தான் கேக்கும்" என்றார்.

அவர் போய்ச் சேர்வதற்கு இரண்டு நாள் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. முதல் நாளே கடிதத்தைக் கொடுத்திருந்தால் நாலாம் நாள் அந்தக் கட்டிலருகில் நின்றிருப்பார். இந்தக் கணக்கை நான் எத்தனை தடவை போட்டிருப்பேன், கேட்காதீர்கள்.

இரண்டு மாதம் கழித்து வந்தார். ஒரு பை நிறைய நிலக்கடலையை என் மேஜையில் வைத்தார். "நீங்க கையோட ரயிலேத்தி உட்டீங்க. பதினாறாம் நாள் காரியத்துக்காச்சும் நின்னேன். எங்கூரு தபால்காரன்தான் சார். மச்சான் குடுத்த லெட்டரை வாங்கி வெச்சுக்கிட்டுத் தூங்கிட்டான். ஒரே வீதிதானுங்க. சட்டையப் புடிச்சுட்டேன். அனுப்பிட்டேன் அனுப்பிட்டேன்னு சத்தியம் பண்றான், கொழந்த தலைல அடிச்சு. நான் நம்புல. ஊரே அவன்கிட்ட இப்பப் பேசறதில்ல."

முகம் தெரியாத அந்தத் தபால்காரருக்காகவாவது நான் அப்போதே வாய் திறந்திருக்க வேண்டும். கோழை நான், வேறென்ன. கடலை நல்லாயிருக்கு என்றேன்.

அடுத்த தடவை சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு தடவையும் நினைத்தேன். நாலைந்து தடவை வந்தார். குழம்பு வைத்தார், சாப்பிட்டேன். அப்புறம் லாரி ஆபீஸ்களை ஊருக்கு வெளியே மாற்ற ஆரம்பித்தார்கள். ரோஷனாரா ரோட்டு ஆபீஸைக் காலி செய்த அந்தக் குளிரில், லோடு ஏற்றும் ஆட்கள் என் தட்டை உடைத்துத் தீ மூட்டிக் குளிர் காய்ந்தார்கள். நான் தடுக்கவில்லை. புது இடத்துக்கு அவர் வரவே இல்லை. வண்டி கைமாறிவிட்டது என்றார்கள்.

ஜவ்வரிசி சொன்ன நாளில் சொன்ன நேரத்தில் வந்து சேர்ந்தது. அன்றைக்கே உட்கார்ந்து நாலு பக்கம் எழுதினேன். நடந்ததை நடந்தபடி, தபால்காரர் மேல் ஒரு தப்பும் இல்லை என்பதையும். அவருக்கு இப்போது எண்பதைத் தாண்டியிருக்கும், இருந்தால். உறையில் பெயரை எழுதினேன். ஊர் என்ன என்று யோசித்தேன். மைத்துனர் கடிதத்தின் பின்பக்கம் ஊர்ப் பெயர் எழுதித்தான் இருந்தது, அன்று நான் பார்த்தது தேதியை மட்டும்.

உறை மேஜைமேல் இருக்கிறது. பெரியண்ணன், டிரைவர். அதற்குக் கீழே எழுத எனக்குத் தெரிந்தது எழுபத்திரண்டு மட்டும்தான்.