தங்கையின் ஈரலும் நான் நிறுத்திய மாத்திரையும்

ஆரணியில் பட்டு நெய்பவன் நான். எங்கள் தெருவுக்குச் செல்போன் வந்த புதிதில் என் ஈரல் கெட்டுப்போனது. தங்கை செல்வி தன் ஈரலில் ஒரு பகுதியைக் கொடுத்தாள். பிழைத்தேன்.

தறியில் நீளவாட்டில் ஓடும் பாவு நூல் தீரும்போது, பழைய பாவோடு புதுப் பாவை இழை இழையாகப் பிணைப்போம். அந்த முடிச்சுகள், இழைகள் நுழைந்து வரும் சீப்புப் போன்ற அச்சைத் தாண்டிவிட்டால் பிறகு கவலையில்லை. ஈரலும் அப்படித்தான், அதுவும் கூடப்பிறந்தவளுடையது என்று நினைத்து, டாக்டர் தினமும் போடச் சொன்ன மாத்திரையை இரண்டு வருடம் கழித்து நானாகவே நிறுத்தினேன்.

ஒரு மாதத்தில், வெள்ளைப் பட்டு சுற்றிக்கொண்டிருந்த செல்வி நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னாண்ணா, கண்ணு மஞ்சளா கீது? மாத்திர போடறியா?"

நிறுத்தியதைச் சொன்னேன்.

"வவுத்த அறுத்துக் குடுத்தேன். உன்னால முழுங்க முடியலியா? ஜல்தி கிளம்பு!"

"தங்கச்சியோடதா இருந்தாலும் உங்க உடம்புக்கு அது வேத்து ஈரல்தாங்க. உடம்பு அதோட சண்டை போடாம மாத்திரைதான் புடிச்சு வெச்சிருக்கு" என்றார் டாக்டர். ஊசி மருந்தில் ஈரல் தப்பியது.

இன்றுவரை காலை மாத்திரையை விழுங்காமல் தறியில் உட்கார்ந்ததில்லை. தறியில் போட்ட முடிச்சு அச்சைத் தாண்டிவிடும். செல்வி போட்ட முடிச்சை நான் தினமும் இரண்டு வேளை இறுக்க வேண்டும், இறுக்குகிறேன்.