பம்பரம் மாற்றிய கெபாசிட்டர்கள்

அச்சகத்தில் அவரைப் பம்பரம் என்றுதான் கூப்பிடுவார்கள். ஐம்பத்தோரு வயது. இருபத்தாறு வருடமாக ஒரே மெஷினை ஓட்டுகிறவர். பேப்பர் ஏறுகிற முனைக்கும் அச்சாகி விழுகிற முனைக்கும் நடுவே அவர் நடந்த தூரத்தை நேராக்கிப் போட்டால் கடல் தாண்டியிருப்பார் என்று பைண்டிங் பகுதிக்காரர்கள் சொல்வார்கள். வீட்டிலும் அதே கதைதான். சாப்பாட்டுக்கு நடுவில் எழுந்துபோய்க் குழாயை இறுக்கிவிட்டு வருவார். “உங்களுக்குக் கால்ல மட்டுமா சக்கரம்?” என்பாள் மனைவி. அவள் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க்.

அந்த மனிதர் அசையாமல் உட்காருவது ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மணி நேரம்தான். கூடத்தில் இருந்த பழைய ஆம்ப்ளிஃபயருக்கு எதிரே. கல்யாணமான புதிதில் யாரோ பயன்படுத்திக் கழித்ததை வாங்கியது. தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில் இரைச்சல் வந்தது. பாட்டுக்கு அடியில் ‘ம்ம்ம்’ என்று, பக்கத்து வீட்டில் மோட்டார் ஓடுவது போல. மூன்று பேருக்குமே கேட்டது.

“ஸ்பீக்கருக்குள்ள வண்டு ஏதாவது புகுந்துடுச்சாப்பா?” என்றாள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மகள்.

மூடியைக் கழற்றினார். உள்ளே டப்பா மாதிரி இரண்டு பெரிய கெபாசிட்டர்கள். தட்டையாக இருக்க வேண்டிய அவற்றின் தலை, வாய்க்குள் தண்ணீரை அடக்கிய கன்னம் போல உப்பியிருந்தது. மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்கி அனுப்புவதுதான் அவற்றின் வேலை. வயதாகி உள்ளே காய்ந்துபோனால் மின்சாரத்தின் அதிர்வு பாட்டோடு சேர்ந்து வெளியே வந்துவிடும்.

உதிரிபாகக் கடையை நடத்தும் அம்மாள், நெற்றியில் ஏற்றி வைத்திருந்த கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டுப் புதிது இரண்டை எடுத்துக் கொடுத்தார். “பிளஸ் மைனஸ் பாத்துப் போடுங்கண்ணே. மாத்திப் போட்டா வெடிச்சிடும்.”

“தெரியும், தெரியும்” என்றார் இவர், கடை வாசலைத் தாண்டிக்கொண்டே.

தெரிந்தவர் செய்த வேலையைக் கேளுங்கள். அவசர அவசரமாகப் பற்றவைத்துச் சுவிட்சைப் போட்டார். நாலு மூச்சு விடுவதற்குள் ‘டமார்!’ கெபாசிட்டருக்குள் இருந்த வெள்ளிக் காகிதச் சுருள் கூடம் முழுக்கப் பறந்தது. மீன் அழுகினது போல ஒரு நாற்றம். சமையலறையிலிருந்து மனைவி ஓடிவந்தாள்.

“என்னங்க! கண்ணு நல்லா இருக்கா? எங்க, என்னைப் பாருங்க!”

“ஒண்ணுமில்ல. மைனஸ் கொஞ்சம் பிளஸ் ஆயிடுச்சு.”

மறுநாள் வேறொன்று வாங்கிவந்து, பென்சிலால் குறி போட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு நிதானமாக வைத்தார். ஃபியூஸையும் மாற்றினார். இந்தத் தடவை வெடிக்கவில்லை.

“சுத்தமா போயிடுச்சுங்க” என்றாள் மனைவி. மகளும் தலையாட்டினாள்.

அவர் ஸ்பீக்கரில் காதை வைத்தார். இருந்தது. முன்னைவிட மெல்லிசாக, கம்பியை இழுத்துவிட்டது போல.

“இருக்கே.”

“இல்லப்பா.”

“இருக்குங்கறேன்.”

சின்னக் கெபாசிட்டர்கள் இருபத்துமூன்று இருந்தன. தினமும் வேலை முடிந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்துவிடுவார். நாலு கழற்றுவார், நாலு வைப்பார், எழுந்து நடப்பார், வந்து கேட்பார். கூடம் முழுக்க ஈயப் புகை. டீ ஆறிக் கிடக்கும். ஆறாம் நாள் இருபத்துமூன்றும் முடிந்தன. இரைச்சல் முடியவில்லை.

“நாங்க ரெண்டு பேரும் பொய்யா சொல்றோம்?” என்றாள் மனைவி.

“நான் இதை விட்டாப் போதும்னு சொல்றீங்க. இல்லன்னா உங்க ரெண்டு பேருக்கும் காது அவிஞ்சுபோச்சு!”

மகள் புத்தகத்தைப் பட்டென்று மூடிவிட்டு உள்ளே போனாள். அவளிடம் அவர் அப்படிக் கத்தியதே இல்லை.

மறுபடியும் கடைக்குப் போனார். கடைக்கார அம்மாள் எதையும் எடுத்துக் கொடுக்கவில்லை. வீட்டில் வேறு யாருக்கும் அது கேட்கவில்லை என்பதை விசாரித்துத் தெரிந்துகொண்டார்.

“தப்பா நெனைக்காதீங்கண்ணே. பிளக்கைப் புடுங்கிட்டுக் கேட்டுப் பாத்தீங்களா?”

“புடுங்கிட்டா எப்படிம்மா சத்தம் வரும்?”

“அதைத்தான் கேக்கறேன்.”

அவருக்குச் சுருக்கென்றது. வேகமாகத் திரும்பி வந்தார். வீட்டில் யாரும் இல்லை. பிளக்கைப் பிடுங்கினார். மின்விசிறியை நிறுத்தினார். ஜன்னலைச் சாத்தினார். கூடத்தின் நடுவே நின்றார்.

அந்தக் கம்பிச் சத்தம் அப்படியே இருந்தது. சமையலறைக்குப் போனார்; கூடவே வந்தது. மாடிக்குப் போனார், அங்கேயும் வந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. மெஷின் ஓடுகிற சத்தத்தை வைத்தே எந்த உருளையில் மை காய்கிறது, எங்கே பேப்பர் இரட்டையாக ஏறுகிறது என்று சொல்கிறவர் அவர். “உன் காதுதாம்ப்பா நம்ம மீட்டர்” என்று முதலாளியே சொல்லியிருக்கிறார். அந்தக் காது கெட்டதென்று தெரிந்தால்? மூலையில் உட்கார வைத்து ரசீதுப் புத்தகம் எண்ணச் சொல்வார்களோ? உட்கார்ந்தபடியே ஒரு நாள் முழுக்க! அதை நினைத்தாலே அவருக்குக் கால் குறுகுறுத்தது.

அதனால் ஆம்ப்ளிஃபயரை மூடவில்லை. தினமும் திறந்து வைத்துக்கொண்டு, நன்றாக இருந்ததையே கழற்றினார், திரும்ப வைத்தார். வேலை நடக்கிற வரைக்கும் ஆம்ப்ளிஃபயர்தான் நோயாளி.

இப்படிப் பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் மனைவி அவருக்குப் பின்னால் வந்து நின்றாள். அவர் கண்ணை மூடி ஸ்பீக்கரில் காதை வைத்திருந்தார்.

“வயரே மாட்டலையேங்க. என்னத்தக் கேக்கறீங்க?”

அவர் நிமிரவில்லை. “சத்தம் இதுல இல்ல. எனக்குள்ள இருக்கு.”

அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். “எப்பலேருந்து தெரியும்?”

“ரெண்டு வாரமா.”

“என்கிட்ட சொல்லணும்னு தோணலையா?”

“சொன்னா நெஜமாயிடுமேன்னு.”

மறுநாளே காது டாக்டரிடம் கூட்டிப்போனாள். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். எது அவர்களுடைய சத்தம், எது தன்னுடையது என்று தெரியாமல் கண்டபடி அழுத்தினார். மூன்று தடவை முதலிலிருந்து எடுத்தார்கள். மெஷின் இரைச்சலில் வருஷக்கணக்காக நின்றதால் மெல்லிய சத்தங்கள் பாதி போய்விட்டன என்றார் டாக்டரம்மா. உள்ளே கேட்பதை மருந்தால் நிறுத்த முடியாது. காதுக்குக் கவசம் போடாமல் இனி மெஷின் பக்கம் போகக்கூடாது. அமைதியான இடத்தில்தான் அது பெரிதாகத் தெரியும், பழகப் பழகக் குறையும்.

முதலாளியிடம் அவரே போய்ச் சொன்னார். அவர் பயந்த மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. முதலாளி அன்றைக்கே அச்சகத்தில் வேலை செய்கிற ஏழு பேருக்கும் கவசம் வரவழைத்தார். பம்பரம் அதைப் போட்டுக்கொண்டு, மெஷினின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்து அதிர்வைப் பார்க்கக் கற்றுக்கொண்டிருக்கிறார். சில நாள் சரியாகச் சொல்கிறார். சில நாள் தப்பிவிடுகிறது. அன்றைக்கு வீட்டுக்கு வந்தால் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று பஸ் நிறுத்தத்தில் கூட்டம். மனைவி கேட்டாள்: “அது எப்படித்தாங்க இருக்கும்? செஞ்சு காட்டுங்களேன்.”

“இங்கயா?”

“இங்கதான்.”

அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, மூக்கால் ‘ங்ஙீஙீ’ என்று மெல்லிசாக இழுத்தார். அவள் காதை அவர் வாயருகே கொண்டுவந்தாள். மூச்சு முடிகிற வரை இழுத்தார். நிறுத்தியதும், “இன்னொரு தடவை” என்றாள். பக்கத்தில் நின்றவர் இருவரையும் ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தள்ளிப்போனார்.

“வீட்டுக்குப் போனதும் இதை நம்ம பொண்ணுகிட்டயும் செஞ்சு காட்டுங்க” என்றாள். “அன்னிக்கு நீங்க கத்துனதுல அழுதுட்டா.”

உடனே வீட்டுக்குப் போயாக வேண்டும் என்பது போல, பஸ் வருகிறதா என்று பார்க்க அவர் சாலைக்கே இறங்கிவிட்டார்.