மூக்கில் ஓட்டை விழுந்த குண்டுகள்

இந்த வெளிநாட்டில், செவன் ஹில்ஸ் டயர் கடையில் என்னோடு வேலை செய்யும் கோயம்புத்தூர்க்காரர் ரிவால்வர் போட்டிகளில் சுடுகிறவர். லைசென்ஸ் உண்டு. சக்கரம் அதிராமலிருக்கப் பொருத்தி, பிறகு நாங்கள் கழற்றும் பழைய ஈயக் கட்டிகளைக் கொண்டுபோய், தன் கராஜில் உருக்கித் துப்பாக்கிக் குண்டு வார்ப்பார். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எனக்குக் குண்டைத் தெரியும். அது எப்படி உண்டாகிறது என்று தெரியாது. ஒரு சனிக்கிழமை பார்க்கப் போனேன்.

உருகிய ஈயத்தை அச்சில் ஊற்றினார். சற்றுப் பொறுத்துத் திறந்ததும் பளபளவென்று ஒன்று துணியில் விழுந்தது. ஆறியவற்றில் பழுதானதைப் பிரிக்கச் சொன்னார். பிரித்துக் கொடுத்தேன்.

"என்னங்க, எல்லாத்தையும் கழிச்சிட்டீங்க?"

"எல்லாத்திலயும் மூக்கில ஓட்டை இருக்கே. பழுதுதானே?"

"ஓட்டை விழணும்னுதான் அச்சுல ஊசி வச்சிருக்கேன். பட்டதும் குண்டு பூ மாதிரி விரியும்."

எனக்குக் கோபமே வந்துவிட்டது. "நீங்க சுடுற கடதாசி மட்டையில பட்டு என்னத்துக்கு விரிய வேணும்?"

அவர் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "சும்மாதாங்க. இப்படியும் வார்க்க முடியுதான்னு பாக்கத்தான்."

பிறகு, உண்மையிலேயே பழுதாகிச் சுருக்கம் விழுந்த நாலைந்தை அவரே பொறுக்கி உருக்கும் சட்டிக்குள் திரும்பப் போட்டார். சத்தமில்லாமல் உருகி மறைந்தன. ஒருவரையும் தேடிப் போகாமல் திரும்பிப் போன குண்டை நான் அதுவரை கண்டதில்லை.

"இன்னும் கொஞ்சத்தைச் சட்டிக்குள்ள போடுங்கோ, பாப்பம்" என்றேன்.

"மத்ததெல்லாம் நல்லா இருக்குங்களே!"

"ஓம், தெரியும்."