புளியமரத்து முண்டு

மரத்தில் வரும் கட்டியை வாங்கி விற்கிறேன் என்று சொன்னால் கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு, "அத்த யாரு வாங்குவாங்க?" என்பார்கள். கள்ளக்குறிச்சியில் எங்கள் மரக்கடை இருக்கும் தெருவிலேயே இதுதான் கதை. அடிமரத்தில் அடிபட்டோ பூச்சி அரித்தோ, மரம் அந்த இடத்தில் மட்டும் கட்டுப்பாடில்லாமல் புடைத்துக்கொண்டு வளரும். நாங்கள் அதை முண்டு என்போம். வெளியிலிருந்து பார்த்தால் சொறி பிடித்த மாதிரி இருக்கும். அறுத்துக் கடைசல் மெஷினில் ஏற்றினால் உள்ளே ரேகை சுழித்துச் சுழித்துக் கிடக்கும். கிண்ணமும் ஜாடியும் கடைகிறவர்கள் அதற்காக உயிரை விடுவார்கள். அவர்களெல்லாம் பெங்களூரிலும் பாண்டிச்சேரியிலும் இருக்கிறார்கள். நான் வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவேன். அவர்கள் இதயம் போட்டுவிட்டு விலையைக் குறைக்கச் சொல்வார்கள்.

கடை என் வீட்டுக்காரருடையது. அவருக்குக் கல்லாவை விட்டு எழுந்திருக்கப் பிடிக்காது, எனக்கு ஓரிடத்தில் உட்காரப் பிடிக்காது. ஆகவே கல்வராயன் மலைக்குப் போகிற வேலை என்னுடையது. நாங்கள் முஸ்லிம்கள் என்பதால் மலையில் என்னைப் பாயம்மா என்று கூப்பிடுவார்கள். பட்டா நிலத்து மரமாக இருக்க வேண்டும், வீட்டார் சம்மதம் இருக்க வேண்டும், அறுத்த முகம் வெடிக்காமலிருக்க அங்கேயே மெழுகு பூசிச் சாக்கில் சுற்ற வேண்டும். இதெல்லாம் சரியாக இருந்தால் வாங்குவேன். இல்லாவிட்டால் டீ குடித்துவிட்டு இறங்கிவிடுவேன்.

அந்தப் புளியமரத்தைப் பற்றிப் போன் செய்தவர் வெள்ளிமலைக்கு மேலே, சாமையும் மரவள்ளியும் போடும் ஒரு குடும்பத்தின் மூத்த மகன். போய்ப் பார்த்தேன். தவலையைக் கவிழ்த்து மரத்தில் ஒட்டியது போல ஒரு முண்டு, ஆள் உயரத்தில், அடிமரத்தில் பாதியைச் சுற்றிக்கொண்டு நின்றது. எனக்கு ஆசை வந்துவிட்டது. இந்தத் தொழிலில் அப்படி ஒன்று எல்லோருக்கும் வாய்த்துவிடாது.

மரத்தடியில் அவருடைய தங்கை புளியம்பழத்தை ஓடு நீக்கிக்கொண்டிருந்தாள். கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போன புருஷன் அங்கேயே வேறு குடும்பமாகிவிட, அவள் பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டவள். அந்த வீட்டில் ஒரு வழக்கம். நிலம் ஆண்பிள்ளைகளுக்கு. திரும்பி வந்த பெண்ணுக்கு ஒரு மரம். மரம் காய்க்கிற வரைக்கும் காய் அவளுக்கு, பட்டுப்போனால் கட்டை அண்ணனுக்கு. அவள் கையேந்தாமல் சாப்பிட அந்த ஒரு மரம்தான் இருந்தது.

"இத்த அறுத்தா மரம் சாவுமா பாயம்மா?" என்று என்னைக் கேட்டாள்.

"அதெல்லாம் ஒண்ணும் ஆவாது" என்று அண்ணன் முந்திக்கொண்டார்.

அவள் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. பதிலை என்னிடமிருந்து எதிர்பார்த்தாள்.

"பாதி மரத்தைச் சுத்திக்கினு வந்துகீது. பொழச்சாலும் பொழைக்கும், பட்டாலும் பட்டுடும்" என்றேன். அதற்கு மேல் எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. அண்ணனுக்கு என் பதில் பிடிக்கவில்லை. ஆனால் மரம் நிற்கிற நிலம் அவருடையது, அறுக்கச் சொல்லிவிட்டார்.

பையிலிருந்து காந்தத்தை எடுத்து முண்டின் மேல் நகர்த்தினேன். அவள் ஓடு நீக்குவதை நிறுத்திவிட்டாள்.

"இன்னா பண்றீங்க?"

"ஆணி கீணி இருக்குதான்னு பாக்கறேன். புளியமரமாச்சே, எவனாவது பேயை அடிச்சு வெச்சிருப்பான்."

பேய் பிடித்தவர் தலைமயிரில் ஒரு கொத்தை மரத்தில் வைத்து ஆணி அடித்துவிட்டால், பேய் அதோடு மரத்தில் நின்றுவிடும் என்பது இங்கே தெரிந்த விஷயம். அதற்கென்று எப்போதும் புளியமரத்தைத்தான் பிடிப்பார்கள். அந்த ஆணியை யாரும் பிடுங்கமாட்டார்கள். பிடுங்கினால் பேய் பிடுங்கினவர் மேல் ஏறும்.

"ஆணி இருந்தா?"

"ரம்பம் பல்லு போயிடும். கடையறவன் உளி தெறிச்சு மூஞ்சில அடிக்கும். அந்த மாதிரி முண்டைச் சும்மா குடுத்தாலும் எடுக்கமாட்டேன்."

"சும்மா குடுத்தாகூடவா?"

"சும்மா குடுத்தாகூட."

அவள் மறுபடி ஓடு நீக்க ஆரம்பித்தாள். காந்தம் எங்கும் ஒட்டவில்லை. அடுத்த வாரம் ஆளோடு வருகிறேன் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு இறங்கினேன். பெங்களூர்க்காரருக்குப் படம் அனுப்பினேன். அவர் விலையைக் குறைக்கச் சொல்லவில்லை. அதுவே பெரிய அதிசயம்.

அடுத்த வாரம் மெஷின் ரம்பம் வைத்திருப்பவரை டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனேன். கச்சிராயப்பாளையம் வரைக்கும் கரும்பு டிராக்டர்களுக்குப் பின்னாலேயே ஊர்ந்தோம். மேலே போய்ச் சேர்ந்தபோது மரத்தைச் சுற்றிக் கொஞ்சம் கூட்டம் இருந்தது. முண்டு முழுக்க ஆணி. குங்குமம் தடவி, எலுமிச்சம்பழம் குத்தி, நடுவில் ஒரு கொத்து மயிர். காந்தத்துக்கு வேலையே இல்லை.

அண்ணன் நடந்ததைச் சொன்னார். வெள்ளிக்கிழமை தங்கை மரத்தடியில் விழுந்து தலைவிரித்து ஆடியிருக்கிறாள். பூசாரியைக் கூட்டிவந்து மயிரை வைத்து ஆணி அடித்திருக்கிறார்கள்.

"ஒண்ணு போதும்னாரு பூசாரி. அது உட்டாத்தானே? பத்தாது, இன்னும் அடி, இங்க அடி, அங்க அடின்னு பேயே எடம் காட்டிச்சு பாயம்மா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, இருமி மறைத்தேன். இடம் காட்டிய பேய் முண்டை விட்டு ஒரு விரற்கடை கூட வெளியே காட்டவில்லை. அண்ணனுக்கும் அது தெரிந்திருந்தது. ஆனால் ஊரே நின்று பார்த்ததைப் பொய் என்று அவரால் சொல்ல முடியாது, தன் கையால் பிடுங்கவும் முடியாது. என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நீங்க புடுங்குங்க. எங்க பேயி உங்க ஆளுங்கள ஒண்ணும் பண்ணாது."

யோசித்துத்தான் சொல்லியிருந்தார். ரம்பக்காரர் பையில் குறடு இருந்தது. ஆணிகள் புதியவை, தலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. டீ ஆறுவதற்குள் எல்லாவற்றையும் உருவிவிடலாம். தங்கை வாசற்படியில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கெஞ்சுகிற பார்வை இல்லை. கெஞ்சியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எங்களுக்கு மட்டும் பேய் கெடையாதா இன்னா? ஜின்னு கீது. என் வூட்டுக்காரர வந்து பாரு, பாதி ஜின்னு அவருதான்" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். கூட்டம் சிரித்தது. அண்ணன் சிரிக்கவில்லை. ரம்பக்காரர் வெறும் டெம்போவில் இறங்குகிற வழியெல்லாம் முனகிக்கொண்டே வந்தார்.

நல்ல மனசு என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். நான் பிடுங்கியிருந்தால், அப்புறம் அந்த மலையில் எந்த மாடு செத்தாலும் பாயம்மா அவிழ்த்துவிட்ட பேய் என்பார்கள். வியாபாரம் அதோடு முடிந்தது. முக்கால்வாசிக் காரணம் இதுதான். மிச்சம் அவள் பார்த்த பார்வை. முண்டு போனதில் எனக்கு வயிறு எரிந்தது, இப்போதும் எரிகிறது.

பங்குனிக் கடைசியில், ஒரு பலா முண்டைப் பார்க்க அதே ஊருக்குப் போனேன். அது உள்ளே மக்கிப் போயிருந்தது. பஸ்ஸுக்கு நடந்து வரும்போது புளியமரம் வழியில் இருந்தது. அவள் தனியாகத் தொரட்டியை வைத்துக்கொண்டு கீழ்க்கிளையை இழுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து மரங்களெல்லாம் உலுக்கி முடித்தாகிவிட்டது. இவள் மரத்தில் மேலே எல்லாம் பழம் அப்படியே தொங்கியது.

"ஆளுங்க வரலியா?" என்றேன். உலுக்குகிற நாளில் அக்கம்பக்கத்துப் பெண்கள் மாறி மாறிப் பொறுக்கித் தருவதுதான் அங்கே வழக்கம்.

"வரமாட்டேன்றாங்க. என் கையால குடுத்தா புள்ளைங்களை வாங்க உடமாட்டேன்றாங்க." தொரட்டியைச் சாய்த்து வைத்தாள். "அது பொய்யின்னு உங்களுக்குத் தெரியும்ல பாயம்மா?"

"தெரியாமலா? எந்தப் பேய் இன்னும் ஆணி அடின்னு கேக்கும்?"

சிரித்தாள். காதுக்குப் பின்னால் மயிரை வெட்டிய இடம் முள்முள்ளாக வளர்ந்திருந்தது. பிறகு மரத்தைப் பார்த்தாள். முண்டின் பக்கம் கண் போகாமல் மேலே மட்டும் பார்த்தாள்.

"அடிக்கச் சொல்றப்ப பொய்யாத்தான் இருந்துச்சு. இப்போ வெளிச்சம் கொறஞ்சா எனக்கே பயமா கீது. மேல ஏற மாட்டேன்றேன். ஏறுனா அத்த மிதிச்சுக்கினுதானே ஏறணும்."

பேயே இல்லை என்று சொல்லலாம், அதைச் செய்தவளுக்கே அது தெரியும். நல்ல வெயில் இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது, பஸ்ஸும் வரவில்லை. பையைக் கீழே வைத்தேன். ஆணித் தலைகளுக்கு மேலே, குங்குமத்தின் மேலேயே உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு நின்றேன்.

"ஏறு. நீ எறங்கற வரைக்கும் இத்த நான் புடிச்சுக்கினு இருக்கேன்."