விஜயதசமி அன்று வராத வைஃபை

என் கோபத்துக்கு வீட்டில் எல்லோரும் பழகிவிட்டார்கள். எல்லோரும் என்றால் என் கணவர் ஒருவர்தான். மிக்சி மூடி சரியாக உட்காரவில்லை என்றால் மிக்சியோடு சண்டை போடுவேன். லைட்டர் மூன்று தட்டுக்குள் பற்றவில்லை என்றால் அதைச் செய்தவன் பரம்பரையையே இழுப்பேன். இப்படிப்பட்டவளிடம் ஒரு பழைய லேப்டாப்பைக் கொடுத்து, மதியம் மூன்று மணிக்குள் இதில் வைஃபை வந்தாக வேண்டும் என்றால் என்ன ஆகும்? போன வருஷம் விஜயதசமி அன்று அதுதான் ஆனது.

ஏன் மூன்று மணி என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாங்கள் புதுச்சேரிக்காரர்கள்தான், ஆனாலும் எங்கள் குடும்பத்தில் யாரும் பிரான்ஸைக் கண்ணால் பார்த்ததில்லை. பள்ளியில் மார்க் அள்ளலாம் என்று பிரெஞ்சை மொழிப்பாடமாக எடுத்தேன். எடுத்த பிறகு பிடித்துப்போய்க் கல்லூரியிலும் அதையே படித்தேன். ஓர் அலுவலகத்தில் மூன்று வருஷம் பிரெஞ்சுக் கடிதங்களைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். அப்புறம் மாமியார் படுக்கையில் விழுந்தார். பதினோரு வருஷம். அவர் காலமான பிறகு வேலை தேடப் போனால், போன இடத்திலெல்லாம் என் வயதைப் பார்த்தார்கள், நடுவில் இருந்த அந்தப் பதினோரு வருஷத்தைப் பார்த்தார்கள், "சொல்லி அனுப்புகிறோம்" என்றார்கள். ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை.

கடைசியில் பாரிஸில் இருக்கும் ஒரு கம்பெனி கூப்பிட்டது. டாக்டர்கள் பேசிப் பதிவு செய்யும் குறிப்புகளைக் கேட்டு, வீட்டிலிருந்தே தட்டச்சு செய்து அனுப்புகிற வேலை. இரண்டு சுற்று தேறிவிட்டேன். மூன்றாவதுதான் கடைசி. அவர்கள் ஏற்றிக்கொடுத்த மென்பொருளைத் திறந்து, ஹெட்போன் மாட்டிக்கொண்டு, அவர்கள் பார்க்கப் பார்க்கத் தட்டச்ச வேண்டும். அவர்களிடம் பதிவு செய்த அதே லேப்டாப்பில்தான் செய்ய வேண்டும், போனில் கூடாது என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்கள். அங்கே காலை பதினொன்றரை, இங்கே மதியம் மூன்று. நமக்குத்தான் அது விஜயதசமி, அவர்களுக்கு அது சாதாரண வேலை நாள். எனக்கு நாற்பத்து மூன்று வயது. இதுவும் போனால் இனி யாரிடமும் போய் நிற்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

முந்தின நாள் ஆயுத பூஜை. என் கணவர் மில்லில் தறிப் பிரிவில் இருந்தவர். மில் மூடிய பிறகு டவுனில் ஒரு தங்கும் விடுதியில் வாட்ச்மேனாக இருக்கிறார். மில் போனாலும் ஆயுத பூஜை வெறி அவரை விட்டுப் போகவில்லை. சந்தனக் கிண்ணத்தையும் குங்குமத்தையும் எடுத்துக்கொண்டு கிளம்பினால் கிரைண்டர், பிரிட்ஜ், என் ஸ்கூட்டி, அரிவாள்மணை என்று ஒன்றையும் விட மாட்டார். அவர் பொட்டு வைக்கிற விதமே தனி. கட்டை விரலில் சந்தனத்தை எடுத்து, தபால்தலை ஒட்டுகிற மாதிரி ஓர் அழுத்து அழுத்தி, லேசாகத் திருகுவார். ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டேன். "தறியில எண்ணெயும் பஞ்சும் படிஞ்சிருக்கும். லேசா வெச்சா சாயந்தரத்துக்குள்ள உதுந்துடும். அழுத்தி வெச்சாதான் நிக்கும்" என்றார்.

லேப்டாப்பைப் பூஜை அறைக்குக் கொண்டுபோகும்போது மூடிமேல் பொட்டு வைக்கப் போனார். கறை பிடிக்கும் என்று நான்தான் தடுத்தேன். "மேல வேணாங்க, முன்னாடி ஓரத்துல வைங்க" என்றேன். ஓரத்தில் அழுத்தி வைத்தார். புத்தகங்களோடு அதையும் அடுக்கி, பூ போட்டு, சூடம் காட்டினோம். பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை முடியும்வரை தொடக்கூடாது. நாளைக்கு நேர்காணல், ஒருமுறை திறந்து சரிபார்த்துவிடலாமே என்று சாயங்காலம் கை பரபரத்தது. "சரஸ்வதிகிட்ட வெச்சத அதுக்குள்ள புடுங்காத" என்றார் அவர். எனக்கும் பயம்தான், விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை அவர் ஆறு மணி வேலைக்குப் போகுமுன்பே மறுபூஜையை முடித்துவிட்டார். நான் சமையலை ஒதுக்கிவிட்டு ஒன்பது மணிக்கு லேப்டாப்பைத் திறந்தால், மூலையில் வைஃபை குறி இருக்கும் இடத்தில் ஒரு சிவப்புப் பெருக்கல். நாங்கள் பயன்படுத்துவது மாடியில் இருக்கும் வீட்டுக்காரர் வைஃபை. அவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போயிருந்தார்கள். ஆனால் என் போனில் அதே வைஃபை ஜம்மென்று வந்தது. லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். திரும்ப அணைத்துப் போட்டேன். 'வயர்லெஸ் அணைந்திருக்கிறது' என்று காட்டியது. சரி, எரியேன் சனியனே என்று அதற்கான பொத்தானை அழுத்தினால், மறுபடியும் அணைந்திருக்கிறது என்றே காட்டியது. போனில் ஹாட்ஸ்பாட் போட்டுப் பார்த்தேன். அதையும் வைஃபை வழியாகத்தானே அது எடுக்க வேண்டும்? எடுக்கவில்லை.

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு முதலியார்பேட்டையிலிருந்து டவுனுக்குப் போனேன். பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் லேப்டாப் பழுது பார்க்கும் கடை இருக்கிறது. பூஜை போட்டுவிட்டுப் பதினொரு மணிக்குத்தான் திறந்தார்கள். கடைக்காரருக்கு முப்பது வயது இருக்கும், நெற்றி நிறைய விபூதி. லேப்டாப்பை வாங்கியவர் ஓரத்தில் இருந்த பொட்டைப் பார்த்ததும் கையை நகர்த்திப் பிடித்துக்கொண்டார்.

"சாமி பொட்டு, அழிஞ்சிடப் போவுதுக்கா" என்று, மேசைமேல் ஒரு துணியை விரித்து, பொட்டு உரசாமல் வைத்தார். எனக்கு அவர்மேல் மரியாதை கூடிவிட்டது. கால் மணி நேரம் தட்டிப் பார்த்தார். "ஆன் பண்ணா ஆன் ஆவ மாட்டேங்குது. உள்ள இருக்கற வைஃபை கார்டு செத்துப்போச்சுக்கா. பழைய மாடலு, அந்தக் கார்டு இப்ப கெடைக்காது. இத சொருவிக்கோங்க" என்று நகத்தளவு அடாப்டர் ஒன்றை எடுத்தார்.

"இங்கயே சொருவிக் காட்டுப்பா."

சொருகினார். அதில் பச்சை விளக்கு மினுக்கியது. "பாருங்க, லைட்டு எரியுது" என்றார். விளக்கு எரிந்தால் வேலை செய்கிறது என்று நானும் நம்பினேன். விளக்கை நம்பிய என்னை எதால் அடிப்பது?

வீட்டுக்கு வந்தபோது மணி பன்னிரண்டரை. சொருகினேன். விளக்கு எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது, அவ்வளவுதான். இதை இயக்கும் டிரைவர் இல்லை என்று திரையில் ஓர் அறிவிப்பு வந்தது. அட்டைப்பெட்டியைக் குடைந்தேன். உள்ளே வடை அளவில் ஒரு சின்ன சிடி. என் லேப்டாப்பில் சிடி தட்டு திறந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஊக்கை நிமிர்த்தி அதன் ஓட்டைக்குள் குத்தினேன். தட்டு வெளியே வந்தது. சிடியை வைத்துத் தள்ளியதும் உள்ளே கடகடவென்று ஏதோ அரைபட்டது, பிறகு அமைதியானது. மறுபடி எத்தனை குத்தினாலும் தட்டு வெளியே வரவில்லை. இன்றுவரை அந்த சிடி உள்ளேதான் இருக்கிறது.

கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

"நெட்ல போட்டீங்கன்னா தானா டவுன்லோடு ஆயிடும்க்கா."

"நெட்டு வரலன்னுதானேப்பா இத வாங்கிக்கினு வந்தேன்!"

"ஆமால்ல" என்றார். பிறகு, போனில் இறக்கிக்கொண்டு கேபிள் போட்டு லேப்டாப்புக்கு மாற்றச் சொன்னார். போனில் இறக்கினேன். கேபிளைப் போட்டால் போன் சார்ஜ் ஏறியது, வேறொன்றும் ஏறவில்லை. மறுபடி அவரையே கூப்பிட்டேன். "அது வெறும் சார்ஜ் கேபிளுக்கா. நம்ம கடையில நல்லது இருக்கு, வாங்க" என்றார். எத்தனை மணி வரைக்கும் இருப்பீர்கள் என்று நான் கேட்கவில்லை. புதுச்சேரியில் பிறந்து வளர்ந்தவள், கேட்டிருக்க வேண்டும்.

போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றேகால். ஷட்டர் இறக்கிப் பூட்டியிருந்தது. அந்தக் கடை மட்டுமா? அந்தச் சந்து முழுக்க, அடுத்த தெரு முழுக்க ஷட்டர். பிரெஞ்சுத் துரைமார்கள் கப்பல் ஏறிப் போனபோது மூட்டை கட்ட மறந்தது இந்த மத்தியானத் தூக்கத்தைத்தான். ஒன்றுக்குச் சாத்தினால் நாலுக்குத்தான் திறப்பார்கள். மற்ற நாளில் நானும் அந்த நேரத்தில் காலை நீட்டிப் படுப்பவள்தான், இல்லை என்று சொல்லவில்லை. அன்றைக்கு மட்டும் ஊரே சேர்ந்து என்னைப் பழிவாங்குவதாகத் தோன்றியது. கடைக்காரர் போனை எடுத்தார். தவளக்குப்பத்தில் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "நாலு மணிக்கு வந்துடுறேன்க்கா" என்றார். வெயிலில் நாலு தெரு சுற்றினேன். திறந்திருந்த ஒரே பெட்டிக்கடையில் கேபிள் இருந்தது. அதுவும் சார்ஜ் கேபிள்தான்.

வீடு திரும்பும்போது இரண்டேகால். கணவர் ஒரு மணிக்கே வேலை முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, பாயில் தூங்கிக்கொண்டிருந்தார். லேப்டாப் முன்னால் உட்கார்ந்து அடாப்டரைப் பிடுங்கிச் சொருகினேன், பிடுங்கிச் சொருகினேன். இரண்டரை ஆனது. பாரிஸுக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதலாம் என்று போனை எடுத்தேன். 'தொழில்நுட்பக் கோளாறு' என்பதற்கான பிரெஞ்சுச் சொல் சட்டென்று வரவில்லை. நன்றாகத் தெரிந்த சொல். அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுகையோடு வாயும் வந்தது. அடாப்டரைத் திட்டினேன், கடைக்காரரைத் திட்டினேன், ஷட்டர்களைத் திட்டினேன். சத்தத்தில் கணவர் எழுந்து, சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

"இன்னா ஆச்சு? நேத்துவரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு" என்றார்.

அந்தக் கேள்விதான் என்னைக் கிளப்பியது. முந்தின நாள்வரைக்கும் நன்றாக இருந்தது, பொட்டு வைத்த பிறகு கெட்டது. அவ்வளவுதான் என் மூளையில் ஓடியது.

"உங்க கை பட்டா எது விளங்கியிருக்கு? மில்லு விளங்குச்சா? இது விளங்க?"

சொன்ன நொடியே எனக்குத் தெரிந்தது, இது மிக்சியைத் திட்டுகிற திட்டு இல்லை என்று. மில் மூடியபோது ஆறு மாதம் வெளியில் தலைகாட்டாமல் இருந்தவர் அவர். தோளில் கிடந்த துண்டின் நுனியைச் சொம்பில் நனைத்தார். கீழே உட்கார்ந்து, லேப்டாப்பின் ஓரத்தில் காய்ந்திருந்த அந்தப் பொட்டைத் துடைக்க ஆரம்பித்தார். பூஜைப் பொட்டைத் தானாக உதிரும்வரை தொடக்கூடாது என்று வருஷா வருஷம் சொல்கிறவர், ஏதோ தப்புச் செய்துவிட்டவர் மாதிரி அழுத்தி அழுத்தித் துடைத்தார்.

'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. துண்டுக்கு அடியில் நீல விளக்கு எரிந்தது.

குனிந்து பார்த்தேன். சந்தனம் போன இடத்தில் அரிசி அளவில் ஒரு ஸ்விட்ச். இடம் வலமாக நகரும். பக்கத்தில் வைஃபை படம். மூன்று வருஷமாக வைத்திருக்கும் லேப்டாப்பில் அப்படியொன்று இருப்பதே எனக்குத் தெரியாது. முந்தின நாள் கட்டை விரல் அழுத்தித் திருகியதில் அது அணைந்திருக்கிறது. மேலே சந்தனம் காய்ந்து மூடிவிட்டது. பொட்டு அழியக்கூடாது என்று நான் அந்தப் பக்கம் கையே வைக்கவில்லை. கடைக்காரரும் துணி விரித்து அதைக் காப்பாற்றிக் கொடுத்தார்.

திரையில் சிவப்புப் பெருக்கல் போயிருந்தது. மாடி வீட்டு வைஃபை வந்திருந்தது. மணி இரண்டு நாற்பத்தெட்டு.

அவர் ஸ்விட்சைப் பார்த்தார். ஈரத் துண்டைப் பார்த்தார். "என் கைதான் போல" என்றார். எழுந்து வெளியே போய்விட்டார். நான் முகம் கழுவி, ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

வேலை கிடைத்துவிட்டது. பத்து நாளில் கடிதம் வந்தது. அன்றிலிருந்து அந்த லேப்டாப்பில்தான் வேலை செய்கிறேன். கார்டு சாகவே இல்லை. அந்த அடாப்டர் பெட்டியோடு அலமாரியில் கிடக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சலாக வருகிறது. அதைவிட எரிச்சல் என்மேல்தான். ஓரத்தில் வைக்கச் சொன்னது நான். இந்த ஒரு வருஷத்தில் அவர் ஒரு நாளும் அதைச் சொல்லிக்காட்டவில்லை.

இந்த வருஷ ஆயுத பூஜைக்கும் கிண்ணத்தோடு கிளம்பினார். கிரைண்டர், பிரிட்ஜ், ஸ்கூட்டி, அரிவாள்மணை. லேப்டாப்பைத் தாண்டிப் போய் என் தையல் மிஷினுக்கு வைத்தார்.

"ஏங்க, இதுக்கு?"

"அதுக்கு நீயே வெச்சிடு. என் கை வேணாம்" என்றார். கோபமாகக்கூட இல்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நீட்டினேன். "கறையானா ஆவட்டும், மூடி மேலயே வைங்க. நீங்க வெச்சாதான் உள்ள கொண்டுபோவேன்" என்றேன். ரொம்ப நேரம் தயங்கினார். பிறகு விரல் நுனியில் கொஞ்சமாகச் சந்தனத்தை எடுத்து, மூடி நடுவில், பட்டும் படாமல் வைத்தார்.

சாயங்காலத்துக்குள் அது உதிர்ந்துவிட்டது.