ரோஸ் பக்கம்

என் வீட்டுக்காரருக்குக் கோபம் மூக்கு நுனியில். கறிக்கடையில் வெட்டுக்கட்டைக்குப் பின்னால் அவர் நின்றால் யாரும் எதிர்த்துப் பேச முடியாது. ஈரல் எடை குறையுது என்று சொன்ன ஒருத்தன் தலையைப் பார்த்து எடைக்கல்லை வீசினார். அவன் குனிந்ததால் பிழைத்தான். பின்னால் இருந்த கண்ணாடி போச்சு. கல்யாணமான புதிதில் என்மேலும் கை நீண்டது. தராசுத் தட்டால் திருப்பி ஒன்று போட்டேன். அத்தோடு அது நின்றது.

ஒரு நாள் கடையிலேயே அவருக்கு மூக்கில் ரத்தம் கொட்டியது. "இவ்வளவு பிரஷரோட எப்படிய்யா நடமாடுறீங்க?" என்று டாக்டர் அதட்டினார். "இந்த ஒரே மாத்திரையில ரெண்டு மருந்து இருக்கு. ஒண்ணு ரத்தக்குழாயைத் தளர்த்தும். இன்னொண்ணு உப்பையும் தண்ணியையும் சிறுநீரா வெளியேத்தும். ரெண்டும் வேணும். விட்டீங்க, மூளையில குழாய் வெடிச்சிடும்."

மாத்திரை ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் ரோஸ். அதைப் போட்டதிலிருந்து சந்தைக் கோடியில் இருக்கும் கழிப்பறைக்கு ஓடிக்கொண்டே இருந்தார். அந்த நேரம் பார்த்து அடுத்த கறிக்கடைக்காரன் எங்கள் கடைக்குக் கறி வாங்க வந்தவர்களைக் கைதட்டித் தன் பக்கம் கூப்பிடுவான். ஒரு நாள் இவர் திரும்பி வந்து அவன் சட்டையைப் பிடித்தார். "பல்லைத் தட்டிக் கையில குடுத்துடுவேன்!" என்று ஒரு குத்து. பல் நிஜமாகவே விழுந்தது.

அதற்குப் பிறகுதான் அந்தப் பாழாய்ப்போன யோசனை வந்திருக்கிறது. ஒரு காலை அடுக்களைக்குள் நுழைந்தேன். எலும்பிலிருந்து கறியை வழிக்கும் சின்னக் கத்தியால் மாத்திரையின் ரோஸ் பக்கத்தைச் சீவிக்கொண்டிருந்தார், கறியில் கொழுப்பை எடுப்பது போல.

"என்னங்க பண்றீங்க?"

"இந்த ரோஸ்தான்டி ஓட வைக்குது. தினம் சீவுறேன், ஓட்டம் நிக்கல. இன்னும் ஆழமா எடுக்கணும் போல."

"அட கடவுளே! மூளைய எங்க அடகு வச்சீங்க?" என்று கத்தியைப் பிடுங்கப் போனேன். என்னைச் சுவரோடு தள்ளிவிட்டுக் கடைக்குப் போனார். அவர் விட்டுப்போன வெள்ளைத் துண்டை முந்தானையில் முடிந்துகொண்டு பின்னாலேயே ஓடினேன்.

அதற்குள் சண்டை. "இன்னைக்கு ஓட்டம் இல்லையா?" என்று அடுத்த கடைக்காரன் கேட்டிருக்கிறான். உப்புப் பெறாத பேச்சு! இவர் அவன் கழுத்தைப் பார்த்து வெட்டுக்கத்தியை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே தொங்கிப்போனது. வாய் கோணியது. கத்தி நழுவி அவர் காலிலேயே இறங்கியது. ரத்தத்தில் சரிந்தவரை அந்தப் பல் போனவன்தான் தோளில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான்.

டாக்டரிடம் மிச்சத் துண்டைக் காட்டினேன். "சிறுநீர் மருந்து இந்த வெள்ளைதாம்மா. அவர் சீவி எறிஞ்சது குழாயைத் தளர்த்துற மருந்து" என்றார். படுக்கையில் கிடந்த மனுஷனை அடித்தே கொன்றுவிடலாம் போல ஆத்திரம் வந்தது. அவர் நெஞ்சில் தலையை வைத்து அழுதேன்.

இப்போது வெட்டுவது நான். வலது கை செத்துப்போன அவர் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது. என் தோளைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைக்குப் போக அவருக்கு அவமானம். அதனால் மாத்திரையைக் கண்டாலே பல்லை இறுக்கிக்கொள்வார். தாடையைப் பிடித்துத் திறந்து, முழு மாத்திரையையும் உள்ளே தள்ளுவேன். இன்று காலை கடித்துவிட்டார். விரலில் ரத்தம் வந்தது.

"கடிங்க. நல்லாக் கடிங்க. ஆனா முழுங்குங்க" என்றேன்.

அவர் முழுங்கும்வரை விரலை எடுக்கவில்லை.